பார்வையிழப்பைத் தடுக்கிறதுக்கான சர்வதேச பயிற்சி ஒர்க்‌ஷாப்: பிளான் பண்றது, மதிப்பிடுறது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல நாட்டு கண் டாக்டர், நர்ஸ், ஆஸ்பத்திரி மேனேஜர், சுகாதாரத்துறை ஆளுங்களை ஒரே இடத்துல கூட்டி பயிற்சி குடுக்கிற வேலை உங்க தலையில விழுந்திருந்தா இது உங்களுக்குத்தான். கேள்விகள் எல்லாம் திரும்பத் திரும்ப வர்றதுதான், பதில் கொஞ்சம் நீளமா போகும், தேவைப்படுறதை மட்டும் படிச்சிக்கோங்க.

முதல்ல எதுல ஆரம்பிக்கிறது? தேதியும் இடமும் முடிவு பண்ணிட்டா மத்தது தானா வந்துடும்ல?

வராது. தேதி, ஹால், விருந்தினர் லிஸ்ட் மூணையும் முடிச்சிட்டு அப்புறம் "சரி என்ன சொல்லிக் குடுக்கலாம்"னு உக்கார்றதுதான் ரொம்ப பேர் பண்றது. அதுக்கு பதிலா ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்க: வந்துட்டுப் போறவங்க ஆறு மாசம் கழிச்சு அவங்க வேலை பாக்குற இடத்துல இப்ப பண்ணாத எதை பண்ணிட்டு இருப்பாங்க? "கண் நலம் பத்தின விழிப்புணர்வு கூடும்" அப்படின்னு எழுதினீங்கன்னா அதை யாராலயும் பாத்து ஆமா இல்லைன்னு சொல்ல முடியாது. "கேட்டராக்ட் (கண்புரை) ஆபரேஷன் முடிஞ்ச ஒவ்வொருத்தருக்கும் டிஸ்சார்ஜ் அன்னைக்கும் அடுத்த ஃபாலோ அப்லயும் பார்வையை அளந்து ரெஜிஸ்டர்ல எழுதுவாங்க, மாசம் ஒரு தடவை டீமா உக்காந்து அதைப் பாப்பாங்க"ன்னு எழுதினீங்கன்னா பாக்க முடியும். இந்த வாக்கியம் கையில இருந்தா யாரைக் கூப்பிடணும், எத்தனை நாள் வேணும், கடைசியில எதை அளக்கணும்னு பாதி விஷயம் அதுலயே வந்துடும்.

பயிற்சி தேவைதானான்னு எப்படி தெரிஞ்சிக்கிறது?

இது ரொம்ப முக்கியமான கேள்வி, ஆனா ரொம்ப கம்மி பேர்தான் கேக்குறாங்க. ஒரு இடத்துல ஆபரேஷன் எண்ணிக்கை கம்மியா இருக்குன்னா உடனே "சர்ஜனுக்கு பயிற்சி குடுப்போம்"னு கிளம்பிடுறாங்க. சர்ஜனுக்கு கை நல்லாவே வரும், ஆனா கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் ஸ்டாக் இல்ல, இல்ல தியேட்டர்ல உதவிக்கு நர்ஸ் இல்ல, இல்ல தியேட்டரையே வாரத்துல ஒரு நாள்தான் கண் டிபார்ட்மென்ட்டுக்கு விடுறாங்க, இல்ல பேஷன்ட்டுக்கு வந்து போற செலவுக்கே காசு இல்ல. இதுல எதுவும் பயிற்சியால தீராது, அந்த சர்ஜனை இன்னொரு நாட்டுக்கு ஒரு வாரம் கூட்டிட்டுப் போனா அந்த வாரம் நடக்க வேண்டிய ஆபரேஷனும் நின்னு போகும், அவ்வளவுதான்.

டேட்டா பாருங்க. ராப்னு சொல்ற சர்வே இருக்கு, தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை சீக்கிரமா கணக்கெடுக்கிற முறை, 50 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களை மட்டும்தான் பாக்கும், ஏன்னா பார்வை போனவங்கள்ல பெரும்பான்மை அந்த வயசுலதான் இருக்காங்க. பொதுவா 2000ல இருந்து 5000 பேர் வரைக்கும் பாத்தா போதும். எத்தனை பேருக்கு ஆபரேஷன் தேவை, பண்ணினவங்களுக்கு ரிசல்ட் எப்படி, பண்ணிக்காதவங்க ஏன் பண்ணிக்கலன்னு மூணுக்கும் பதில் கிடைக்கும். அந்த மூணாவது பதில்ல "பணம் இல்ல", "கூட்டிட்டுப் போக ஆள் இல்ல"ன்னு நிறைய வந்தா உங்க ஒர்க்‌ஷாப் தலைப்பையே மாத்தணும். சர்வே எதுவும் நடக்காத இடமா இருந்தா ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரையாவது வாங்கிப் பாருங்க. அதுவே கிடைக்கலன்னா, சரி, எந்தப் பயிற்சியில ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சு போச்சு.

உலக அளவுல இலக்குன்னு ஏதாவது இருக்கா, இல்ல அவங்கவங்க இஷ்டமா?

இருக்கு. 1999ல உலக சுகாதார நிறுவனமும், பார்வையிழப்பைத் தடுக்கிறதுக்கான சர்வதேச அமைப்பான ஐஏபிபியும் சேர்ந்து விஷன் 2020ன்னு ஒரு திட்டத்தை ஆரம்பிச்சாங்க. தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை 2020க்குள்ள ஒழிக்கணும்னு. அப்பதான் நாடு நாடா பிளானிங் ஒர்க்‌ஷாப் நடக்க ஆரம்பிச்சுது, சுமார் 10 லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு பிளான்னு கணக்கு வச்சு போட்டாங்க. 2019ல வந்த உலகப் பார்வை அறிக்கை, குறைஞ்சது 220 கோடி பேருக்கு ஏதோ ஒரு பார்வைக் குறைபாடு இருக்கு, அதுல குறைஞ்சது 100 கோடி பேரோடது தடுத்திருக்கக்கூடியது இல்லைன்னா இன்னும் கவனிக்கப்படாததுன்னு சொல்லுச்சு. 2021ல உலக சுகாதாரப் பேரவை 2030க்கு ரெண்டு இலக்கு வச்சுது: கண்ணாடி விஷயத்துல பலன் தர்ற கவரேஜை 40 சதவீதப் புள்ளி கூட்டணும், கேட்டராக்ட் ஆபரேஷன்ல 30 சதவீதப் புள்ளி கூட்டணும்.

அந்த "பலன் தர்ற" அப்படிங்கிற வார்த்தையைத்தான் ஒர்க்‌ஷாப் பிளான் பண்றவங்க பிடிச்சிக்கணும். ஒரு ஏரியாவுல 100 பேருக்கு ஆபரேஷன் தேவைப்பட்டுது, 60 பேருக்கு பண்ணிட்டாங்கன்னு வச்சுக்கோங்க. பழைய கணக்குல கவரேஜ் 60. ஆனா அந்த 60ல நல்லா பார்வை வந்தவங்க 40 பேர்தான்னா பலன் தர்ற கவரேஜ் 40தான். அதனால இப்ப "எத்தனை ஆபரேஷன் பண்றது"ன்னு மட்டும் சொல்லிக் குடுக்கிற ஒர்க்‌ஷாப் பாதி வேலைதான் பண்ணுது, ரிசல்ட்டை அளக்கவும் சொல்லிக் குடுத்தே ஆகணும்.

யாரையெல்லாம் கூப்பிடணும்?

ஒரே இடத்துல இருந்து டீமா. தனி ஆளா கூப்பிட்டீங்கன்னா அவர் திரும்பிப் போய் ஆர்வமா பேசுவார், மேல இருக்கறவர் "பாக்கலாம் பாக்கலாம்"பார், ரெண்டு வாரத்துல எல்லாம் பழைய மாதிரி ஆயிடும். டாக்டர் ஒருத்தர், தியேட்டரையோ வெளி நோயாளிப் பிரிவையோ நிஜமா நடத்துற நர்ஸ் இல்ல மேனேஜர் ஒருத்தர், பணமும் பணியிடமும் முடிவு பண்ற அரசாங்க ஆள் ஒருத்தர், இந்த மூணு பேரும் ஒரே டேபிள்ல உக்காந்தா அங்கயே பாதி சண்டை தீர்ந்துடும்.

எந்த நோயைப் பத்திங்கிறதை வச்சும் டீம் மாறும். குறைமாசத்துல பிறந்த குழந்தைகளுக்கு வர்ற ஆர்ஓபி விழித்திரை நோயை எடுத்துக்கோங்க. குழந்தை இருக்கிறது கண் வார்டுல இல்ல, பச்சிளம் குழந்தை ஐசியூல. ஆக்சிஜன் அளவைப் பாக்குறது அங்க இருக்கிற நர்ஸ், பிறந்து சுமார் நாலு வாரத்துல கண் செக்கப் பண்ணணும்னு ஞாபகம் வச்சு கூப்பிட வேண்டியது குழந்தை டாக்டர், தீவிரமா இருந்தா 48ல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள சிகிச்சை குடுக்க வேண்டியது கண் டாக்டர். கண் டாக்டரை மட்டும் கூப்பிட்டு ஒர்க்‌ஷாப் நடத்தினா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம்.

இன்னொண்ணு. ஆளை அனுப்புங்கன்னு ஆஸ்பத்திரிக்கு பொதுவா லெட்டர் போட்டா பெரும்பாலும் வர்றது சீனியர்தான், ரிட்டயர்மென்ட்டுக்கு கொஞ்ச நாளே இருக்கும், போன வருஷமும் வேற ஒரு ஒர்க்‌ஷாப்ல அவரைப் பாத்திருப்பீங்க. இந்த வேலையை தினமும் பண்றவர் யாரு, இன்னும் ரெண்டு வருஷமாவது அங்க இருப்பாரா, பெண்களுக்கு இடம் குடுத்திருக்காங்களான்னு ஃபார்ம்லயே கேளுங்க.

எத்தனை பேர், எத்தனை நாள்?

25, 30 பேருக்கு மேல போனா அது மாநாடு. நாள் கணக்கு நீங்க எழுதின அந்த வாக்கியத்தைப் பொறுத்தது, ஆனா பிளானிங் மாதிரி விஷயத்துக்கு நாலஞ்சு நாளுக்கு மேல ஆளை வேலையை விட்டு இழுத்து வைக்கிறது நியாயம் இல்ல. விசா லெட்டரை மட்டும் மாசக்கணக்குல முன்னாடியே அனுப்பிடுங்க, சில நாட்டுக்காரங்களுக்கு விசா இன்டர்வியூவுக்கே பக்கத்து நாட்டுக்குப் போக வேண்டி இருக்கும்.

புரோகிராமை எப்படி போடுறது? பெரிய பேச்சாளர்கள் நிறைய பேர் வர ஒத்துக்கிட்டாங்க.

அங்கதான் பிரச்சினையே. ஒவ்வொருத்தருக்கும் ஒரு மணி நேரம்னு குடுத்தா நாள் முழுக்க ஸ்லைடுதான், வந்தவங்க கையைக் கட்டி உக்காந்திருப்பாங்க. என்னைக் கேட்டா பாதி நேரம் பங்கேற்பாளரோட சொந்த வேலைக்குத்தான் போகணும். வர்றதுக்கு முன்னாடியே அவங்கவங்க இடத்து நம்பரை எடுத்துட்டு வரச் சொல்லணும்: ஜனத்தொகை எவ்வளவு, வருஷத்துக்கு எத்தனை கேட்டராக்ட் ஆபரேஷன், ஆபரேஷனுக்கு அப்புறம் 6/60க்கும் கீழ பார்வை நின்னுபோனவங்க எத்தனை சதவீதம் (6/60ன்னா 60 மீட்டர்ல தெரிய வேண்டியது 6 மீட்டர்லதான் தெரியும்; இது 5 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு ரொம்ப காலமா ஒரு அளவுகோல் இருக்கு), எத்தனை ஸ்டாஃப், மைக்ரோஸ்கோப் வேலை செய்யுதா. அந்த நம்பரை முதல் நாளே சுவத்துல ஒட்டிட்டீங்கன்னா பக்கத்து நாட்டுக்காரர் நம்பரைப் பாத்துட்டு "நீங்க எப்படி இதைப் பண்றீங்க"ன்னு அவங்களே ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவாங்க, காபி பிரேக்ல நடக்கிற அந்தப் பேச்சுக்கு எந்த பேச்சாளரும் ஈடு இல்ல.

கடைசி நாள் ஆக்‌ஷன் பிளான் எழுதுறதுன்னு வச்சு அதை மத்தியானம் நாலு மணிக்குத் தள்ளிடாதீங்க, பாதி பேர் ஃப்ளைட்டுக்கு கிளம்பிட்டு இருப்பாங்க. ரெண்டாவது நாள்ல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா எழுதட்டும். இருபது பாயின்ட் வேண்டாம், மூணு போதும், ஒவ்வொண்ணுக்கும் யாரு பண்ணப் போறா, எப்ப, காசு எங்க இருந்துன்னு பக்கத்துலயே இருக்கணும். "கூடுதல் நிதி கிடைத்தால்"னு ஆரம்பிக்கிற பாயின்ட்டை ஈவு இரக்கம் இல்லாம அடிச்சிடுங்க.

எல்லாருக்கும் ஒரே மொழி தெரியாதே?

மொழிபெயர்ப்பாளர் செலவை கடைசியா யோசிக்காதீங்க. பேசப் பேசவே மொழிபெயர்க்கிறவங்க ரெண்டு பேரா வருவாங்க, ஒருத்தர் அரை மணிக்கு மேல தொடர்ந்து பண்ண முடியாது, மாறி மாறி பண்ணுவாங்க. அவங்களுக்கு கண் மருத்துவ வார்த்தை லிஸ்டையும் ஸ்லைடையும் ஒரு வாரம் முன்னாடியே குடுங்க. குரூப் டிஸ்கஷனை மொழி வாரியா பிரிச்சிட்டா நல்லது, சரளமா பேசுற நாலு பேரே மொத்த நேரத்தையும் எடுத்துக்கிறது குறையும்.

ஆபரேஷன் பயிற்சி குடுக்கிறோம். வெளிநாட்டு சர்ஜன் வந்து நேரடியா பேஷன்ட்டுக்கு பண்ணிக் காட்டலாமா?

அந்த நாட்டு மெடிக்கல் கவுன்சில்ல தற்காலிக அனுமதி வாங்காம கத்தியைத் தொடவே கூடாது, இதுல பேச்சே இல்ல. அனுமதி இருந்தாலும் பேஷன்ட்டுக்கு அவங்க மொழியில, "பயிற்சில இருக்கிற ஒருத்தர் கை வைப்பாங்க, வேண்டாம்னு சொன்னாலும் உங்க சிகிச்சை நிக்காது"ன்னு தெளிவா சொல்லி சம்மதம் வாங்கணும். வந்தவங்க அஞ்சாவது நாள் ஃப்ளைட் ஏறிடுவாங்க, ஆறாவது நாள் கண்ணுல சீழ் வச்சா யாரு பாப்பா? அந்தப் பேரை முன்னாடியே எழுதி வைக்கலன்னா ஆபரேஷன் பகுதியையே எடுத்துடுங்க.

நேரா பேஷன்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி ஆட்டுக் கண்ணு, செயற்கைக் கண்ணு, சிமுலேட்டர்னு வழி இருக்கு. கையோட திறமையை அளக்கிறதுக்கு ஆஸ்கார்னு ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கு, சர்வதேச கண் மருத்துவ கவுன்சில் உருவாக்கினது. ஆபரேஷனை ஒவ்வொரு படியா பிரிச்சு புதுசா கத்துக்கிறவரா, தேறினவரான்னு என்ன பாத்து முடிவு பண்ணணும்னு எழுதியே குடுத்திருப்பாங்க. "நல்லா பண்றார்"ங்கிற பொத்தாம் பொதுவான பேச்சுக்கு அது எவ்வளவோ மேல்.

ஆன்லைன்லயே நடத்திட்டா செலவு மிச்சம் தானே?

பாடம் எடுக்கிறதுக்கு, கேஸ் டிஸ்கஷனுக்கு, ஒர்க்‌ஷாப்புக்கு முன்னாடி பின்னாடி தொடர்புக்கு ஆன்லைன் அருமை. ஆர்பிஸ்ங்கிற கண் நலத் தொண்டு நிறுவனம் நடத்துற சைபர்சைட் மாதிரி தளம் எல்லாம் பல வருஷமா அதைப் பண்ணிட்டு இருக்கு. கை வேலை கத்துக்க முடியாது. பிளானிங் ஒர்க்‌ஷாப்பையும் முழுக்க ஆன்லைன்ல வச்சா அந்த அரசாங்க ஆள் கேமராவை ஆஃப் பண்ணிட்டு ஃபைல்ல கையெழுத்து போட்டுட்டு இருப்பார். அடிப்படைப் பாடத்தை ஆன்லைன்ல முடிச்சிட்டு நேர்ல சந்திக்கிற நாளைக் குறைக்கிறதுதான் எனக்கு சரியாப் படுது.

டிஏ (தினப்படி) எவ்வளவு குடுக்கணும்?

தங்குறது, சாப்பாடு, போக்குவரத்தை நேரடியா நீங்களே பாத்துக்கோங்க, கைச்செலவுக்கு கொஞ்சமா குடுங்க. டிஏ ஒரு மாச சம்பளம் அளவுக்குப் போச்சுன்னா யார் வரணும்னு முடிவு பண்றது அந்தக் காசுதான்.

மதிப்பீடுன்னா கடைசி நாள் குடுக்கிற ஃபீட்பேக் ஃபார்ம் தானே?

அது முதல் படி மட்டும்தான். டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959ல எழுத ஆரம்பிச்ச நாலு படி இன்னைக்கும் எல்லாரும் பயன்படுத்துறது: வந்தவங்களுக்குப் பிடிச்சுதா, கத்துக்கிட்டாங்களா, வேலை பண்ற விதம் மாறுச்சா, அதனால விளைவு ஏதாவது மாறுச்சா. ஃபார்ம்ல எல்லாரும் அஞ்சுக்கு நாலரை போடுவாங்க, ஹோட்டல் நல்லா இருந்தா நாலே முக்கால். அதை வச்சுக்கிட்டு "ஒர்க்‌ஷாப் மாபெரும் வெற்றி"ன்னு ரிப்போர்ட் எழுதுறது நமக்கு நாமே சொல்லிக்கிற பொய். ஃபார்ம் வேண்டாம்னு சொல்லல, மொழிபெயர்ப்பு கேக்கல, ரெண்டாவது நாள் ரொம்ப வேகமா போச்சுங்கிற மாதிரி விஷயம் அதுலதான் தெரியும். நாலஞ்சு கேள்வியோட நிறுத்திக்கோங்க.

மூணாவது படிதான் உயிர், அதாவது வேலை மாறுச்சாங்கிறது. அதுக்கு ஒர்க்‌ஷாப்புக்கு முன்னாடி நிலைமை என்னன்னு தெரிஞ்சிருக்கணும், அதுக்காகத்தான் மேல சொன்ன அந்த நம்பரை எடுத்துட்டு வரச் சொல்றது, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. ஆறு மாசம் கழிச்சு அதே நம்பரை அதே ஃபார்மட்ல கேளுங்க, முடிஞ்சா சில இடத்துக்கு நேர்ல போய் ரெஜிஸ்டரைப் பிரிச்சுப் பாருங்க, ஏன்னா ஃபோன்ல கேட்டா எல்லாரும் "பண்றோம் சார்"னுதான் சொல்வாங்க.

கத்துக்கிட்டாங்களான்னு பாக்க ப்ரீ டெஸ்ட், போஸ்ட் டெஸ்ட் போதாதா?

சரி விடை டிக் பண்ற டெஸ்ட் ஞாபக சக்தியைத்தான் காட்டும். அது மட்டும் இல்ல, முதல் நாள் "எனக்கு பிளானிங் நல்லா தெரியும்"னு எட்டு மார்க் போட்டுக்கிட்டவர் கடைசி நாள் எவ்வளவு தெரியாதுன்னு புரிஞ்சு ஆறு போடுவார், பேப்பர்ல பாத்தா அறிவு குறைஞ்ச மாதிரி இருக்கும். அதுக்கு கடைசி நாள்லயே "வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்க, இப்ப எப்படி"ன்னு ரெண்டையும் சேர்த்துக் கேக்கலாம்.

உண்மையான டெஸ்ட்னா எப்படி இருக்கணும்னு டிராக்கோமா (இமையில தொற்றி பார்வையைப் பறிக்கிற நோய்) ஆளுங்ககிட்ட கத்துக்கணும். சர்வேக்குப் போறவர் குழந்தையோட மேல் இமையைத் திருப்பிப் பாத்து நோய் இருக்கா இல்லையான்னு சொல்லணும், அதை வச்சுத்தான் ஒரு மாவட்டத்துக்கே மருந்து குடுக்கலாமா நிறுத்தலாமான்னு முடிவாகும் (நிறுத்தணும்னா 1ல இருந்து 9 வயசுக் குழந்தைங்கள்ல நோய்க்குறி உள்ளவங்க 5 சதவீதத்துக்கும் கீழ போகணும்). அதனால பயிற்சி முடிவுல 50 குழந்தைகளைத் தனியா பாக்க வச்சு, அனுபவம் உள்ளவர் சொன்னதோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு கப்பான்னு ஒரு எண்ணா கணக்குப் போடுவாங்க, 0.7 வரலன்னா ஃபீல்டுக்கு அனுப்ப மாட்டாங்க. சர்டிஃபிகேட் வாங்க வந்தவர் ஃபெயில் ஆகுறதுக்கு இடம் இருக்கு பாருங்க, அந்த தைரியம் நம்ம பிளானிங் ஒர்க்‌ஷாப் எதுலயும் கிடையாது.

ஒர்க்‌ஷாப்பால பார்வையிழப்பு குறைஞ்சதுன்னு நிரூபிக்கச் சொல்றாங்க, முடியுமா?

முடியாது, முடியும்னு ஒத்துக்கவும் ஒத்துக்காதீங்க. ஒரு மாவட்டத்துல பார்வை போனவங்க சதவீதம் குறையுறதுக்கு வருஷக்கணக்காகும், நடுவுல புது ஆஸ்பத்திரி வந்திருக்கும், காப்பீடு வந்திருக்கும், ரோடு போட்டிருப்பாங்க. சர்வேல வர்ற எண்ணுக்கும் மேல கீழ பிழை வரம்பு இருக்கு, சின்ன மாற்றம் எல்லாம் அதுக்குள்ளயே காணாம போயிடும். நீங்க காட்டக்கூடியது ஒரு சங்கிலி: இந்த டீம் வந்துது, ரிசல்ட்டை அளக்க ஆரம்பிச்சுது, மோசமான ரிசல்ட்டுக்கு லென்ஸ் பவர் கணக்குதான் காரணம்னு கண்டுபிடிச்சுது, பயோமெட்ரி மெஷினை (லென்ஸ் பவருக்காக கண்ணை அளக்கிறது) சரி பண்ணுச்சு, அடுத்த காலாண்டுல நம்பர் மாறுச்சு. இதுல எந்த இடத்துல பயிற்சி உதவுச்சு, எந்த இடத்துல வேற காரணம்னு அவங்க வாயாலயே சொல்ல வச்சு எழுதுங்க. எதுவுமே நகராத டீமையும் எழுதணும், ஏன் நகரலங்கிறதுதான் அடுத்த ஒர்க்‌ஷாப்புக்கான பாடமே.

ஆறு மாசம் கழிச்சு மெயில் போட்டா யாரும் பதில் போட மாட்டேங்கிறாங்க.

ஆறு மாசம் வரைக்கும் சும்மா இருந்துட்டு திடீர்னு பத்து பக்க ஃபார்ம் அனுப்பினா யார் போடுவா. கிளம்புறதுக்கு முன்னாடியே அடுத்த மூணு ஃபோன் கால் தேதியையும் குறிச்சிடுங்க, ஒவ்வொரு டீமுக்கும் ஒரு ஆளை ஒதுக்குங்க, மாசம் ஒரு தடவை பதினஞ்சு நிமிஷம் பேசட்டும், வாட்ஸ்அப் குரூப் இருந்தா ரெஜிஸ்டர் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து போடச் சொல்லலாம் (பேஷன்ட் பேரை மறைச்சிட்டுத்தான்). இதுக்கு காசு பட்ஜெட்ல தனியா இருக்கணும். மொத்தத்தையும் ஹால்லயும் டிக்கெட்லயும் தீர்த்துட்டு ஃபாலோ அப்புக்கு ஆர்வலர் தேடுறது வழக்கமா நடக்கிறதுதான், பேச்சாளர் ஒருத்தரைக் குறைச்சாலே அந்தக் காசு வந்துடும்.

பார்வை இல்லாத பங்கேற்பாளர் வர்றாங்க, தனியா ஏதாவது பண்ணணுமா?

பார்வையிழப்பு பத்தின ஒர்க்‌ஷாப்ல இந்தக் கேள்வி கடைசி நேரத்துல வர்றதே கொஞ்சம் வெக்கக்கேடு. அவங்களுக்கு என்ன வேணும்னு பதிவு ஃபார்ம்லயே கேளுங்க. ஸ்க்ரீன் ரீடர் (எழுத்தை வாய்விட்டுப் படிக்கிற சாஃப்ட்வேர்) படிக்கிற மாதிரி ஃபைலை முன்கூட்டியே அனுப்புங்க, ஸ்கேன் பண்ணின படமா இருந்தா படிக்காது. பேசறவங்க "இந்த கிராஃப்ல பாத்தீங்கன்னா"ன்னு விட்டுடாம அதுல என்ன இருக்குன்னு வாயால சொல்லணும், அப்படி சொன்னா பின்னாடி வரிசையில இருக்கறவங்களுக்கும் புரியும். உதவிக்கு வர்ற துணையோட டிக்கெட்டும் ரூமும் ஒர்க்‌ஷாப் செலவுதான்.

சர்டிஃபிகேட் எப்ப குடுக்கலாம்?

கடைசி நாள் குடுக்கிறது கலந்துக்கிட்டதுக்கு. ஆறு மாச நம்பரை அனுப்பினதுக்கு அப்புறம் முடிச்சதுக்கான சர்டிஃபிகேட்டைத் தனியா குடுங்க, அவங்க நாட்டுல தொடர்கல்விப் புள்ளி உண்டுன்னா அதையும் இந்த ரெண்டாவதோட சேர்த்துக் குடுக்க முடியுமான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, அப்புறம் மெயிலுக்கு பதில் வர்ற வேகமே வேற.